உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்: குரலின் எல்லையும் பாட்டின் தேர்வும்

சிங்கப்பூரில் பாட ஆசைப்படுகிறவருக்கு மேடைக்குப் பஞ்சமில்லை. சமூக மன்றத்துப் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகள், ஏப்ரலில் தமிழ்மொழி விழா, கோயில் பஜனை, கல்யாண வரவேற்பு, கரோக்கி அறை என்று ஏதாவது ஒன்று மாதந்தோறும் வரும். ஆனால் பல்லவியை அழகாகப் பாடியவர் சரணத்தில் தொண்டை இறுகித் திணறுவதையும் அங்கே அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: திரைப்பாடகர் பாடிய அதே சுருதியில் தானும் பாடித் தீர வேண்டும் என்ற பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்தை விடலாமா என்று தயங்குபவர்கள் நம் தேசிய கீதத்தைப் பாருங்கள். ஜுபிர் சைட் 1958இல் இசையமைத்த 'மஜுலா சிங்கப்பூரா' நெடுங்காலம் ஜி மேஜரில் ஒலித்தது. 2001 ஜனவரியில் வெளியான புதிய பதிவில் அதை எஃப் மேஜருக்கு இறக்கினார்கள். நம் கணக்கில் 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு. எல்லாரும் சிரமமில்லாமல் பாட வேண்டும் என்பதே நோக்கம். கீதம் மாறவில்லை, பாடுகிறவர்களுக்கு எளிதானது. ஒரு நாடே செய்ததை நீங்களும் தாராளமாகச் செய்யலாம்.

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் கையில் மூன்று விவரங்கள் இருக்கும்: உங்கள் கட்டை, வசதியாகப் பாடக்கூடிய எல்லை, அதற்குப் பொருந்தும் பாட்டுவகை.

தேவையானவை

- பியானோ செயலி, தம்பூரா செயலி, சுரத்தைக் காட்டும் ட்யூனர் செயலி. மூன்றும் கைப்பேசியிலேயே கிடைக்கும். வீட்டில் கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் இன்னும் நல்லது.
- ஒரு நோட்டுப் புத்தகம்.
- சாதாரணத் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா.
- கதவு மூடிய ஓர் அறை. வீவக வீடுகளில் அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை கடைப்பிடிக்குமாறு 2022இல் சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. பயிற்சியை அதற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாருக்குப் பயந்து அடக்கிப் பாடும் குரலில் எடுத்த அளவு சரியாக வராது.

தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

கட்டை என்பது உங்கள் 'ஸ' எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் எண். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்து எண்ணுகிறோம்:

- சி = 1, டி = 2, இ = 3, எஃப் = 4, ஜி = 5, ஏ = 6, பி = 7
- இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் = 1½, 2½, 4½, 5½, 6½

பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்கள் 5 முதல் 6 கட்டைக்குள்ளும் பாடுகிறார்கள். இது வழக்கம், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தொண்டை எங்கே நிற்கிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

ட்யூனர் செயலியில் எழுத்துக்குப் பக்கத்தில் வரும் எண் ஸ்தாயியைக் குறிக்கும். சி3 என்பது ஆணின் 1 கட்டை 'ஸ'. ஜி3 என்பது பெண்ணின் 5 கட்டை 'ஸ'. ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை 12 அரைப்படிகள். இவ்வளவு கணக்கு போதும்.

எல்லையை அளக்கும் முறை

எழுந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளவெடுங்கள். சளி, இருமல், தூக்கமின்மை இருக்கும் நாளில் வேண்டாம்.

1. குரலைத் தயார் செய்யுங்கள். ஐந்து நிமிடம் வாயை மூடி 'ம்ம்ம்' என்று நடு ஸ்தாயியில் முனகுங்கள். பிறகு உதடுகளை 'ப்ர்ர்' என்று அதிரவிட்டு, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிச் செல்லுங்கள்.
2. தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். "வாங்க, உட்காருங்க" என்று வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வதுபோல் சொல்லி, கடைசி எழுத்தை நீட்டுங்கள். ட்யூனர் காட்டும் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சுக் குரல் இருக்குமிடம் இது.
3. கீழே இறங்குங்கள். அங்கிருந்து அரைப்படி அரைப்படியாக 'ஆ' என்று பாடி இறங்குங்கள். ஒவ்வொரு சுரத்திலும் நான்கு விநாடி நில்லுங்கள்.
4. கீழ் எல்லையைக் குறியுங்கள். காற்று மட்டும் வந்தாலோ, குரல் கரகரத்தாலோ நிறுத்துங்கள். அதற்கு முந்தைய தெளிவான சுரமே உங்கள் கீழ் எல்லை.
5. ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.
6. மேலே ஏறுங்கள். அதே முறை. சத்தத்தைக் கூட்டாதீர்கள். முகவாய் மேலே தூக்கிக்கொண்டாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.
7. மேல் எல்லைகள் இரண்டைக் குறியுங்கள். முழுக் குரலில் வசதியாக நான்கு விநாடி நின்ற கடைசிச் சுரம் ஒன்று. மெல்லிய பொய்க்குரலில் தொட்ட சுரம் இன்னொன்று. பாட்டைத் தேர்ந்தெடுக்க முதலாவதுதான் உதவும்.
8. இன்னும் இரண்டு நாள் இதையே செய்யுங்கள். மூன்று நாள் அளவிலும் பொதுவாக வரும் பகுதியே உங்கள் எல்லை.

*குறிப்பு:* ஒன்றரை ஸ்தாயி வசதியாகக் கிடைத்தாலே பெரும்பாலான திரைப்பாட்டுகளைப் பாடிவிடலாம். எல்லை குறுகலாக இருக்கிறதே என்று சோர்ந்துவிட வேண்டாம். முறையாகப் பயிற்சி செய்தால் மாதங்களில் விரியும்.

அளவிலிருந்து கட்டைக்கு

கர்நாடக இசையில் ஒரு பாட்டு பொதுவாகக் கீழே மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொடும். மேலே தார ஸ்தாயிக் காந்தாரம், மத்திமம், சில சமயம் பஞ்சமம் வரை போகும். ஆகவே புதிதாகப் பாடுகிறவருக்கு என் பரிந்துரை: கீழ்ப் பஞ்சமமும் மேல் காந்தாரமும் உங்கள் எல்லைக்குள் அடங்கும்படி 'ஸ'வை வையுங்கள்.

1. உங்கள் கீழ் எல்லைச் சுரத்தைப் பஞ்சமமாக வைத்துக்கொள்ளுங்கள்.
2. அதிலிருந்து 5 அரைப்படி மேலே எண்ணுங்கள். அது 'ஸ'.
3. அந்த 'ஸ'விலிருந்து 16 அரைப்படி மேலே எண்ணுங்கள். அது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம்.
4. அது உங்கள் மேல் எல்லைக்குள் இருந்தால் கட்டை முடிவாகிவிட்டது. தாண்டினால் அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள்.

ஓர் ஆண்குரலை எடுத்துக்கொள்வோம். கீழ் எல்லை ஏ2, மேல் எல்லை எஃப்4. ஏ2 பஞ்சமம் என்றால் 'ஸ' டி3, அதாவது 2 கட்டை. அதன் மேல் காந்தாரம் எஃப் ஷார்ப் 4. எல்லையை அரைப்படி தாண்டுகிறது. 1½ கட்டைக்கு இறக்கினால் மேல் காந்தாரம் சரியாக எஃப்4இல் நிற்கும். ஆனால் கீழ்ப் பஞ்சமம் அரைப்படி அமுங்கும். இவர் மேலே ஏறும் பாட்டை 1½ கட்டையிலும், கீழே உலவும் பாட்டை 2 கட்டையிலும் பாடினால் இரண்டும் சிறக்கும். நோட்டில் இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்குரலுக்கும் இதே கணக்கு. கீழ் எல்லை டி3 என்றால் 'ஸ' ஜி3, அதாவது 5 கட்டை. மேல் காந்தாரம் பி4.

அளப்பதில் நடக்கும் தவறுகள்

- ஒரு முறை தொட்டதை எல்லை என்று எழுதுவது. தொட்டு வருவது வேறு, நின்று பாடுவது வேறு. நான்கு விநாடி நிற்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.
- காலையில் எழுந்தவுடன் அளப்பது. தூங்கி எழுந்த குரல் கனத்திருக்கும். கீழே அதிகம் போகும், மேலே ஏறாது.
- உயர்ந்த கட்டையே உயர்ந்த பாட்டு என்று நினைப்பது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதால் உச்சக் கட்டைக்கு மதிப்பு இருந்தது. இன்று உங்கள் கையில் மைக் இருக்கிறது.
- பதின்ம வயதுப் பையன்களுக்குக் கட்டையை முடிவு செய்வது. மகரக்கட்டு உடையும் பருவத்தில் எல்லை அடிக்கடி மாறும். சில மாதங்களுக்கு ஒரு முறை மறுபடி அளக்க வேண்டும். அந்தப் பருவத்தில் பழைய சுருதியில் வற்புறுத்திப் பாடவைக்காதீர்கள்.

பாட்டையும் அளந்து பாருங்கள்

1. பாட்டை ஒரு முறை முழுதாகக் கேட்டு, மிகத் தாழ்ந்த இடத்தையும் மிக உயர்ந்த இடத்தையும் குறியுங்கள். உயர்ந்த இடம் பெரும்பாலும் சரணத்தின் மூன்றாவது அல்லது நான்காவது அடியில் வரும்.
2. அந்த இரண்டு இடங்களையும் மட்டும் பியானோ செயலியில் கண்டுபிடியுங்கள்.
3. பாட்டின் எல்லை உங்கள் எல்லையைவிட அகலமா என்று பாருங்கள். அகலமானால் எந்தச் சுருதியில் வைத்தாலும் ஒரு முனை இடிக்கும். வேறு பாட்டைப் பாருங்கள்.
4. அகலம் பொருந்துகிறது, இடம்தான் பொருந்தவில்லை என்றால் சுருதியை மாற்றுங்கள்.
5. பாட்டு எந்தச் சுரத்தைச் சுற்றி அதிக நேரம் உலவுகிறது என்று கவனியுங்கள். உச்சியை ஒரு தரம் தொடும் பாட்டைச் சமாளிக்கலாம். உச்சிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் பாட்டு உங்களை ஐந்து நிமிடத்தில் களைக்கவைத்துவிடும்.

எந்தப் பாணி உங்களுக்கு?

*பழைய மெல்லிசை.* தொடங்குபவர்களுக்கு ஏற்றது. மெட்டு தெளிவு, சொல் தெளிவு. தாழ்ந்த, மென்மையான ஆண்குரலுக்கு பி. பி. ஸ்ரீநிவாஸ் பாட்டுகள் நல்ல பாடம். மைக்குக்கு அருகில் நின்று பேசுவதுபோல் பாடுவார். டி. எம். சௌந்தரராஜன் பாட்டுகள் நெஞ்சுக் குரலின் கனத்தோடு மேலே ஏறும். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுகளுக்குக் கணீரென்ற மேல் ஸ்தாயி வேண்டும். இருவரையும் அவர்கள் சுருதியிலேயே தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், குரல் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு பாட்டோடு நிறுத்துங்கள். பெண்களில் பி. சுசீலா பாட்டுகள் சுருதி சுத்தத்துக்கும், எல். ஆர். ஈஸ்வரி பாட்டுகள் தாளத்துக்கும் துணிச்சலான எடுப்புக்கும் பயிற்சி.

*புதிய திரைப்பாட்டு.* பல பாட்டுகள் கிசுகிசுப்பில் தொடங்கி, திடீரென்று ஒரு ஸ்தாயி மேலே தாவும். தாவும் இடத்துக்கு ஏற்ற சுருதியை வைத்தால் தொடக்கம் காணாமல் போகும். தொடக்கத்துக்கு ஏற்ப வைத்தால் தாவல் உடையும். இவற்றை எடுக்கும் முன் எல்லை அளவைக் கட்டாயம் பாருங்கள். ஒலிப்பதிவில் குரல் அடுக்குகள் பல சேர்ந்திருக்கும். மேடையில் நீங்கள் ஒருவர்தான்.

*கர்நாடக இசை.* கட்டை உங்கள் கையில் இருப்பது இதன் பெரிய வசதி. சரளி வரிசை, ஜண்டை வரிசையைத் தம்பூராவோடு மூன்று காலத்தில் பாடினாலே குரலின் எல்லை சீராக விரியும்.

*பக்திப் பாட்டு.* தேவாரத்துக்கு நிதானமான மூச்சும் தெளிந்த உச்சரிப்பும் வேண்டும். திருப்புகழில் சந்தம் ஓடும். எங்கே மூச்செடுப்பது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை பாடிக்கொண்டே நடப்பவர்கள், வழக்கமான கட்டையிலிருந்து ஒன்று இறக்கிப் பாடுங்கள். வரிகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், ஒருவர் பாட மற்றவர் ஓய்வெடுக்கட்டும். உறுமி, தவிலின் சத்தத்தோடு போட்டி போடாதீர்கள்.

*நாட்டுப்புறப் பாட்டு.* எல்லை பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும். சவால் எடுப்பிலும் தாளத்திலும்தான். மலேசிய மண்ணில் பிறந்து தமிழ்த் திரையில் நிலைத்த மலேசியா வாசுதேவனின் கிராமியப் பாட்டுகளைக் கேளுங்கள். கரகரப்பை அப்படியே நகலெடுக்கத் தொண்டையைத் தேய்க்காதீர்கள். சொல்லின் அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரோக்கியில் சுருதி மாற்றுதல்

1. கருவியிலோ செயலியிலோ 'கீ' என்ற பொத்தானைத் தேடுங்கள். ஒரு அழுத்து ஓர் அரைப்படி.
2. பாட்டின் உச்சச் சுரம் உங்கள் எல்லையைவிட எத்தனை அரைப்படி மேலே இருக்கிறதோ அத்தனை இறக்குங்கள். ஜியிலிருந்து எஃபுக்கு மைனஸ் 2.
3. பெண்குரல் பாட்டை ஆண் பாட பிளஸ் 5ஐ முயலுங்கள். 5 கட்டைப் பாட்டு 1 கட்டைக்கு வந்துவிடும். நீங்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். ஆண்குரல் பாட்டைப் பெண் பாட மைனஸ் 5.
4. அதிகம் மாற்றினால் வாத்தியங்களின் நாதம் கெடும். அப்போது ஒன்றிரண்டு படி திரும்பி வாருங்கள்.
5. சரியான எண் கிடைத்ததும் பாட்டின் பெயரோடு நோட்டில் எழுதுங்கள்.

ஜோடியாகவும் குழுவாகவும் பாடும்போது

- ஜோடிப் பாட்டில் இருவருடைய எல்லையையும் காகிதத்தில் அருகருகே எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் வசதியான சுருதியில் மற்றவர் திணறுவது சபைக்கு உடனே தெரிந்துவிடும்.
- பஜனைக் குழுவில் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தால், ஆண்கள் கீழேயும் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேயும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடலாம்.
- பெரியவர்களின் குரல் வயதோடு இறங்கும். அவர்கள் நடத்தும் பஜனையில் அவர்கள் கட்டையே கட்டை. இளையவர்கள் அதற்கு இசைந்து போங்கள்.

தினசரி 20 நிமிடம்

1. *3 நிமிடம்:* கோப்பையில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ரா வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே குரல் கொடுங்கள். குரல்நாண்களுக்கு இது இதமான தொடக்கம்.
2. *5 நிமிடம்:* தம்பூராவோடு 'ஸ', 'ப', மேல் 'ஸ' மூன்றிலும் நீண்ட அகாரம்.
3. *5 நிமிடம்:* மாயாமாளவகௌளையில் சரளி வரிசை.
4. *5 நிமிடம்:* பாட்டின் கடினமான இரண்டு அடிகள் மட்டும்.
5. *2 நிமிடம்:* மெல்லிய முனகலோடு இறங்கி முடியுங்கள்.

இதைப் பதிவு செய்து வாரம் ஒரு தரம் கேளுங்கள். பதிவில் உங்கள் குரல் வேறு யாருடையதோபோல் ஒலிக்கும். அதற்காகக் கூச்சப்படாதீர்கள், சபை கேட்பது அதைத்தான்.

குரலைக் காக்கும் விதிகள்

- வலித்தால் நிறுத்துங்கள். களைப்பு இயல்பு. தொண்டையில் எரிச்சல், குத்தல், அடிக்கடி செருமத் தோன்றுவது ஆகியவை எச்சரிக்கை.
- குரல் கம்மியபோது கிசுகிசுக்காதீர்கள். பேசாமலிருப்பதே ஓய்வு.
- இரண்டு, மூன்று வாரமாகியும் கரகரப்பு போகவில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள். இருமலில் ரத்தம், விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.
- புகைமூட்ட நாட்களில் குறியீட்டைப் பாருங்கள். பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்ற நிலை. வெளியில் பாடுவதைத் தவிருங்கள்.
- குளிர்சாதன அறையில் தொண்டை வறளும். பாட்டுக்கு நடுநடுவே மிடறு மிடறாகத் தண்ணீர் குடியுங்கள்.
- தேக்காவில் இரவு பதினொன்றுக்குப் பரோட்டாவும் குழம்பும் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை உறுத்தும். போட்டிக்கு முந்தைய இரவு சீக்கிரம் சாப்பிடுங்கள்.
- இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு பாடாதீர்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது; கேட்கவில்லை என்று கத்துவீர்கள். ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

எங்கே கற்பது, எங்கே பாடுவது

குருவிடம் முறையாகக் கற்க விரும்பினால், 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் ஸ்டார்லைட் ரோட்டில், லிட்டில் இந்தியாவுக்கு அருகில்தான் இருக்கிறது. சேரும்போதே நீங்கள் அளந்த எல்லையைச் சொல்லுங்கள். ஆசிரியர் அதைச் சரிபார்த்துக் கட்டையை நிர்ணயிப்பார். மேடை அனுபவத்துக்கு உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவை அணுகுங்கள். தொலைக்காட்சிக் கனவு உள்ளவர்களுக்கு 'வசந்தம் ஸ்டார்' இருக்கிறது. 2005இல் அதில் வென்ற ஷபீர் இன்று பாடகராகவும் இசையமைப்பாளராகவும் தமிழுலகம் அறிந்தவர்.

மேடை ஏறுமுன்

1. பாட்டின் பெயர், உங்கள் கட்டை, கரோக்கி என்றால் எத்தனை படி மாற்றம் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள்.
2. சீட்டை ஒலி அமைப்பாளரிடமோ கீபோர்டு வாசிப்பவரிடமோ முன்கூட்டியே கொடுங்கள்.
3. ஒலிச் சோதனையில் சரணத்தின் உச்ச அடியைப் பாடிப் பாருங்கள். பல்லவியை மட்டும் பாடிவிட்டு இறங்காதீர்கள்.
4. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல்கிடை தள்ளிப் பிடியுங்கள். உச்சத்தில் இன்னும் சற்று விலக்குங்கள். அதன் தலையைக் கையால் மூடாதீர்கள், ஒலி இரையும்.
5. அன்று குரல் சரியில்லை என்றால் அரைக் கட்டை இறக்கிக் கேளுங்கள். வாத்தியக்காரர்கள் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சபைக்கு நீங்கள் எத்தனை கட்டையில் பாடினீர்கள் என்பது தெரியாது. சுருதி சேர்ந்ததா, சொல் புரிந்ததா என்பதுதான் தெரியும். இன்று மாலையே கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த பாட்டை அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.